அத்தான் வரைந்த தோசைக்கரண்டி

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை வேளையில். பால் பொங்கி வழியும் வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. அவள் அடுப்பை அணைக்காமல் அதற்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். "ஏட்டி, பால் பொங்குது பாரு" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். திரும்பிப் பார்த்தவளின் வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்ததாம். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரை. நான் ராஜபாளையத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கை பாதிதான் வந்தது, விரல்கள் மடங்கும், பிடிக்காது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது. "அதான்."

"பசிக்கா அக்கா?"

"அதான்."

"படுக்கியா?"

"அதான்."

வேண்டும் என்பதற்கும் அதான், வேண்டாம் என்பதற்கும் அதான். குரலின் ஏற்ற இறக்கத்தையும் புருவத்தையும் வைத்து நாங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாம் பேசுவது எல்லாம் அவளுக்கு விளங்கியது. என்ன வேண்டும் என்பதும் தெரிந்தது. அதன் பெயர் மட்டும் வாய்க்கு வரவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டு நான் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கண்மூடலை என்னால் பார்க்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பேச்சுக்காரி அவள்தான். மகாராஜபுரத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் இருவரில், வயலில் இருந்து வீடு வருகிற வரைக்கும் வாய் மூடாமல் வருவது அவள், கேட்டுக்கொண்டே வருவது நான். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு வந்த பிறகும் அப்படித்தான். அத்தான் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சு குறைவு. அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசிவிடுவாள். உறவுக்காரர்கள் வந்தால், "அவியளுக்குச் சந்தோசம்தான், சொல்லத் தெரியாது" என்று அவர் சார்பில் பதிலும் சொல்லுவாள். அந்த வீடு இப்போது மின்விசிறிச் சத்தம் கேட்கும் வீடாக ஆகிவிட்டது. மகனும் ராணுவத்தில், வடக்கே இருக்கிறான். விடுப்பில் வந்து இருந்துவிட்டுப் போய்விட்டான்.

நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு விடுமுறை. ஞாயிறுதோறும் காலையில் பஸ் ஏறிப்போய் மாலை வரை இருந்துவிட்டு வருவேன். ராஜபாளையத்தில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண், சின்ன வயசு. வாரம் ஒருமுறை அத்தான் அக்காவை அங்கே கூட்டிவருவார். அன்றைக்கு மட்டும் நான் ஆபீஸில் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் போய் உட்காருவேன்.

"வார்த்தை எங்கேயும் போகலீங்க. உள்ளேதான் இருக்குது. அதுக்குப் போற வழிதான் அடைச்சிருக்குது" என்றாள் அந்தப் பெண், முதல் நாளே. எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

படங்கள் அச்சடித்த அட்டைகள் அவளிடம் இருந்தன. ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொல்ல வைக்க வேண்டும். வளைந்த மூக்கோடு ஒரு தேநீர்க் கெண்டி. புகைபோக்கி வைத்த வீடு. பனியில் செய்த மனிதன். அக்கா அவற்றை யாரோ தெரியாதவர்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். மரியாதையாக, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்தப் பெண்ணே அட்டைகளை எடுத்து வைத்துவிட்டாள். "இது சரிப்படாதுங்க. அம்மா தினமும் தொட்டுப் புழங்கின சாமான் இருக்குதுல்ல, அதையெல்லாம் போட்டோ எடுத்துட்டு வாங்க" என்றாள்.

போட்டோ எடுத்தது நான்தான். டம்ளர், குக்கர், அரிவாள்மனை, விளக்குமாறு என்று எடுத்து ஸ்டுடியோவில் கொடுத்து அச்சுப் போட்டு வாங்கினேன். டம்ளர் படத்தை அக்கா முன்னால் வைத்தேன். அவள் விரல் டம்ளருக்குப் போகவில்லை. டம்ளருக்குப் பின்னால் சுவரில் இருந்த எண்ணெய்க் கறைக்குப் போனது. அதை நகத்தால் சுரண்டினாள். படத்திலிருந்து அதைத் துடைத்துவிட வேண்டும் என்பதுபோலச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். குக்கர் படத்தில் அடுப்பின் மேல் திறந்து கிடந்த தூக்குவாளியைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. நான் எடுத்த ஒவ்வொரு படத்திலும் ஒரு சாமானுக்குப் பதில் ஒரு அடுப்படியே இருந்தது. எதைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. மூவரும் பின்வாசல் பக்கம் காற்றுக்காக உட்கார்ந்திருந்தோம். நான் மறுபடியும் அந்தப் போட்டோக்களோடு போராடிக்கொண்டிருந்தேன். அத்தான் எழுந்து உள்ளே போனார். போன வருசத்து மாதக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு, மளிகைச் சீட்டு எழுதுகிற பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தார். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் வைத்தார். அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து தாளின் வெள்ளைப் பக்கத்தில் வரைய ஆரம்பித்தார்.

"என்ன அத்தான், படம்லாம் வரைவீங்களா?"

"எங்க வரைஞ்சேன். செத்த சும்மா இரு புள்ள."

வரைந்து முடித்துக் காட்டினார். மேலே ஒரு பெரிய வட்டம், கீழே ஒரு நேர்கோடு, இரண்டு பக்கமும் சுவர். மத்தளத்தை நிமிர்த்தி வைத்ததுபோல இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். தோள் குலுங்கியது. ஏதோ ஆகிவிட்டது என்று நான் பயந்து எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது, ஆனால் சிரிப்பு அவளுடைய பழைய சிரிப்புதான்.

அத்தானும் தன் படத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். அக்கா இடது கையை நீட்டி டம்ளரின் விளிம்பை விரலால் சுற்றி வந்தாள். பிறகு அதே விரலால் படத்தில் அந்த இடத்தைத் தட்டினாள். விளிம்பு வெளியே சுருண்டு தடித்திருப்பது படத்தில் இல்லை. அத்தான் அழித்துவிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து டம்ளரைப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஏ புள்ள, இங்க வா. இதுக்கு வாய் வட்டம்தான? ஆனா இங்கன இருந்து பாத்தா வட்டமாவா இருக்கு? முட்டை மாதிரில்ல இருக்கு? நான் குனியக் குனிய ஒடுங்கிக்கிட்டே போகுது."

நானும் குனிந்து பார்த்தேன். உண்மைதான். கண் மட்டத்துக்கு வந்தபோது வாய் ஒரு கோடாகவே ஆகிவிட்டது. "இம்புட்டு வயசு வரைக்கும் டம்ளர்ல குடிக்கேன், இப்பத்தான் பாக்கேன்" என்றார் அத்தான். அவர் தொடர்ந்து இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நான் போனபோது டம்ளர் டம்ளராக இருந்தது. முட்டை வடிவ வாயும் சுருண்ட விளிம்பும், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தில் தாளையே வெறுமையாக விட்டிருந்த ஒரு பட்டையும் இருந்தன. அந்த வெறுமைதான் மினுமினுத்தது. பென்சிலால் கறுப்பைத்தானே போட முடியும், பளபளப்பு எப்படி வந்தது என்று நான் தாளை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றும் போடாமல் விட்டதுதான் எவர்சில்வராக இருந்தது.

அதற்கப்புறம் அத்தான் ஒவ்வொரு சாமானாக எடுத்தார். பள்ளிக்கூட வேனைக் காலையில் ஓட்டிவிட்டு வந்தால் சாயங்காலம் வரைக்கும் அவருக்கு இதுதான் வேலை. அடுப்படியில் இருந்து ஒன்றை எடுத்து வந்து அக்கா எதிரே வைப்பார். தானும் உட்கார்ந்துகொள்வார். அக்கா சரிபார்ப்பாள். கைப்பிடியின் திருகாணி விட்டுப்போயிருந்தால் தட்டுவாள். மூடியின் குமிழ் பெரிசாக இருந்தால் இரண்டு விரலை ஒடுக்கிக் காட்டுவாள். முப்பது வருசமாக அடுப்படிக்குள் சாப்பிடுவதற்கு மட்டும் வந்துபோன மனுசனுக்கு அவள் தன் அடுப்படியை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள், ஒரு சொல்லும் இல்லாமல்.

நான் இருந்த ஒரு நாள்தான் அரிவாள்மனை வரைந்தார். கடினமான சாமான். பலகை படுத்திருக்கிறது, அலகு எழுந்து வளைந்து நிற்கிறது, நுனியில் தேங்காய் துருவுகிற பல் வைத்த பூ. நாக்கைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் வரைந்தார். முடித்து அக்கா மடியில் வைத்தார். அவள் பார்த்தாள். புருவம் சுருங்கியது. விரலை அலகின் மேல் வைத்தாள்.

"தப்பு" என்றாள்.

நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அத்தானும் அசையவில்லை. எங்கள் இருவரையும்விட அக்காதான் அதிகமாக அதிர்ந்துபோனாள். சொன்னது வேறு யாரோ என்பதுபோலத் தன் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னட்டி சொன்ன?"

"தப்பு." மறுபடியும் சொன்னாள். பிறகு வேகமாக, விட்டால் போய்விடும் என்பதுபோல, "தப்பு, தப்பு, தப்பு" என்றாள்.

"எங்கட்டி தப்பு? காட்டு."

அலகு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை அவள் இடது கையால் காற்றில் வளைத்துக் காட்டினாள். அவர் எதிர்ப்பக்கம் வளைத்திருந்தார். அந்த அரிவாள்மனையில் நறுக்க வேண்டுமானால் பலகையை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம்தான் உட்கார வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அத்தான் தலையைக் குனிந்து பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே இருந்தார். அவ்வளவு கூர்மை எந்தப் பென்சிலுக்கும் தேவையில்லை.

அந்த வாரம் பயிற்சிப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் கைதட்டிவிட்டாள். படங்களை வாங்கி மேஜை மேல் பரப்பி ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தாள். "போட்டோவைவிட இது ஏன் வேலை செய்யுதுன்னு தெரியுதுங்களா? இதுல ஒரு சாமான் மட்டும்தான் இருக்குது. வேற ஒண்ணுமே இல்லை" என்றாள். அத்தானைப் பார்த்து, "நிறுத்திடாதீங்க" என்றாள். அவர் அட்டென்ஷனில் நிற்பவர்போல நின்று, "சரிம்மா" என்றார்.

தோசைக்கரண்டிப் படத்தை நான் பார்த்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து. மழைக்காலம் தொடங்கியிருந்தது. மலைப்பக்கம் முழுக்க மேகம் இறங்கி, பஸ்ஸில் வரும்போது மலையே தெரியவில்லை. நான் நனைந்துகொண்டு உள்ளே நுழைந்து, தலையைத் துவட்டியபடியே கூடத்துச் சுவரைப் பார்த்தேன். அத்தான் ஒரு கயிற்றைக் கட்டித் துணிக்கிளிப்பு போட்டுப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். கடைசியில் தொங்கியது அது. தாள் முழுக்க ஒரே ஒரு தோசைக்கரண்டி. இரும்புக் கரண்டி. நீளமான காம்பு, காம்பின் நுனியில் மாட்டுவதற்கு ஓட்டை, கீழே தட்டையான அலகு.

அலகின் விளிம்பு நேராக இல்லை. ஒரு மூலை தேய்ந்து, சாய்வாக இறங்கியிருந்தது. முதலில் அத்தானுக்குக் கை கோணிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுப்படிக்குப் போய் ஆணியில் மாட்டியிருந்த கரண்டியை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. எத்தனையோ தடவை அந்தக் கரண்டியால் நானும் தோசை சுட்டிருக்கிறேன். ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

வலது கையில் பிடித்துக் கல்லில் வைத்துப் பார்த்தேன். சாய்வு கல்லோடு ஒட்டிப் படிந்தது, ஒரு இடுக்கு இல்லாமல். இடது கைக்கு மாற்றினேன். ஒட்டவில்லை, மூலை தூக்கிக்கொண்டு நின்றது. அக்காவின் வலது கை எந்தச் சாய்வில் கல்லைச் சுரண்டுமோ அந்தச் சாய்வுக்கு அந்த இரும்பு தேய்ந்திருந்தது. இத்தனை வருசமாக எங்களுக்கெல்லாம் சுட்டுப்போட்ட அத்தனை தோசையும் அந்தச் சாய்வில் இருந்தன. அந்தக் கை இப்போது கூடத்தில் அவள் மடியில் மடங்கிக் கிடந்தது.

நான் அடுப்படியிலேயே நின்றேன். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு தேய்ந்த கரண்டி இவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கோயிலில் மூலவருக்கு எதிரே கற்பூரம் காட்டும்போது ஒரு நொடி மூச்சு நிற்கும். அதுபோல நின்றது எனக்கு.

வெளியே வந்து அத்தானிடம் கேட்டேன். "தேஞ்சிருக்கத எப்படிப் பாத்தீங்க அத்தான்?"

"நான் எங்க பாத்தேன். நேராத்தான் வரைஞ்சேன். கோடு பொருந்தவே மாட்டேங்குது. அழிச்சு அழிச்சுப் பாத்தேன். பொறவுதான் கரண்டிய நல்லாப் பாத்தேன்." கயிற்றில் ஆடிய தாளைப் பிடித்து நிறுத்தி, "எம்புட்டு தோசை சுட்டிருப்பா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொற்கள் மெதுவாக வந்தன. மத்து வந்தது. பூட்டு, சீப்பு வந்தன. குக்கர் கடைசி வரைக்கும் "விசிலு" என்றுதான் வந்தது, அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். சில நாள் வந்த சொல் மறுநாள் காணாமல் போகும். அப்போது அவள் கண்ணை மூடிக்கொள்ள மாட்டாள், படத்துக்குப் போவாள். கயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, உதட்டைக் குவித்து, விரித்து, வருகிறதா என்று பார்ப்பாள். வந்துவிட்டால் திரும்பி எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் எந்த மழையிலும் பஸ் ஏறுவேன். வாக்கியம் இன்னும் வரவில்லை. வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நீ... சாப்பாடு... தங்கச்சி" என்றால் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள். எனக்கு அது நல்ல வாக்கியமாகத்தான் தெரிகிறது.

பயிற்சிப் பெண்ணிடம் கான்சாபுரத்து விவசாயி ஒருவர் வர ஆரம்பித்தார். அவருக்கும் இதே நிலைமை. அத்தானின் படங்களை அவருக்குக் காட்டலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். அத்தான் யோசித்தார். "அவரு வீட்டுச் சாமான் வேறல்லாம்மா? நான் போய் வரைஞ்சு தாரேன்" என்றார். ஒரு சனிக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டு இருட்டுவதற்குள் வந்தார். மறுநாள் நான் போனபோது என்னிடம் பெரிய அதிசயத்தைப் பார்த்து வந்தவர்போலச் சொன்னார்: "அவிய வீட்டு மம்பட்டி நம்ம ஊர்ல பாத்த மம்பட்டி மாதிரியே இல்ல புள்ள. எடுத்து வச்சதும் தெரிஞ்சுபோச்சு. ஒரு மம்பட்டி மாதிரி இன்னொரு மம்பட்டி இருக்காது போல." இப்போதும் மாதம் ஒன்றிரண்டு முறை போகிறார். அந்த வீட்டு டார்ச் லைட்டும் தொழுவத்துத் தண்ணீர்த் தொட்டியும்கூட வரைந்தாயிற்று.

எனக்கும் கண் கெட்டுவிட்டது என்று ஆபீஸில் சிரிக்கிறார்கள். ஸ்டேப்ளரை எடுத்தால் எடுத்த காரியத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி தெலுங்கு பேசுகிறவள். "ஏமிட்டி, அதுல என்னத்தக் கண்ட?" என்கிறாள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் வெளிச்சம் எப்படி உடைந்து கிடக்கிறது என்று அவளுக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "ஆமா" என்றாள், குரலைத் தாழ்த்தி.

போன பொங்கலுக்கு முன்னால் அக்கா வீட்டில் வெள்ளையடித்தார்கள். கயிற்றை அவிழ்த்துப் படங்களையெல்லாம் கட்டிலில் பரப்பிவைத்து, நானும் அக்காவும் தூசி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அத்தான் சுண்ணாம்பு அடிக்கிற ஆளுக்கு ஏணி பிடித்துக்கொண்டிருந்தார். மொத்தமாகப் பார்த்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒரு நகை இல்லை, ஒரு பட்டு இல்லை. பூட்டு, வடிகட்டி, ஒரு காது போன சட்டி, குழாயில் கட்டிய துணி, மிதியடி. வீட்டில் திருடன் புகுந்தால் தொடாமல் விட்டுப்போகிற பொருள்கள்தான் அத்தனையும். அக்கா பெயர் வந்ததைச் சொன்னாள். வராததற்குக் கையால் தேய்த்தும் திருகியும் காட்டினாள்.

நடுவில் நான் பார்க்காத ஒரு படம் இருந்தது. சுவரில் அடித்த ஒரு ஆணி. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. ஆணியைச் சுற்றிச் சுண்ணாம்பு பெயர்ந்த சின்னப் பள்ளம். ஆணியிலிருந்து சாய்வாகக் கீழே நீண்ட நிழல். அந்த நிழலை அத்தான் அழுத்தாமல், பென்சில் தாளைத் தொட்டும் தொடாமலும் போட்டிருந்தார். சாயங்கால வெயில் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வெயில் இன்னும் கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்பதும் தெரிந்தது.

"அத்தான், இந்த ஆணிய எதுக்கு வரைஞ்சீங்க? அக்காவுக்குப் பேரு சொல்லவா?"

ஏணியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார். "பேருக்கு இல்ல. சும்மாதான். அதுவும் அங்கன இருக்குல்லா."

அக்கா என் கையிலிருந்து தாளை வாங்கினாள். நல்ல கையால் பிடித்து, சரியாகப் பிடிக்காத கையை மெதுவாகத் தூக்கி அதன் அடியில் தாங்கக் கொடுத்தாள். பெயர் தேடி உதட்டைக் குவிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் தோளை ஒட்டி உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலை நகர்த்தினால்தான் அதை ஒட்டிய சுவரை அடிக்க முடியும் என்று சுண்ணாம்புக்காரர் மேலேயிருந்து சொன்னார்.

"செத்த நேரம் இருங்க" என்றார் அத்தான் அவரிடம்.